வேகமான கிளஸ்டரில் மிடில்வேர்: நிறுவும் முன் தீர்க்க வேண்டியவை

2010 செப்டம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த ஓப்பன்வேர்ல்டு மாநாட்டில், ஆரக்கிள் நிறுவனத்தின் லாரி எலிசன் எக்ஸாலாஜிக் என்ற இயந்திரத்தை அறிமுகப்படுத்தினார். முழு ரேக்கில் 30 சர்வர்கள். ஒவ்வொன்றிலும் 12 கோர் என்று மொத்தம் 360 கோர்கள், 2.8 டெராபைட் நினைவகம், 40 டெராபைட் வட்டு. இவற்றை இணைத்தது சாதாரண ஈதர்நெட் அல்ல. அதுவரை பெரும்பாலும் சூப்பர் கம்ப்யூட்டர்களில் புழங்கிவந்த இன்ஃபினிபேண்ட். ஆனால் இந்த ரேக் வானிலைக் கணிப்புக்காகவோ அறிவியல் ஆய்வுக்காகவோ செய்யப்பட்டதல்ல. வங்கிகளிலும் தொலைபேசி நிறுவனங்களிலும் அரசுத் துறைகளிலும் ஓடும் ஜாவா மென்பொருள்களுக்காக, குறிப்பாக வெப்லாஜிக் என்ற மிடில்வேருக்காக, அதாவது நிரல்களுக்கும் தரவுத்தளத்துக்கும் இடையில் நிற்கும் மென்பொருளுக்காகச் செய்யப்பட்டது.

எக்ஸாலாஜிக் இன்று பழைய பெயர்தான். இருந்தாலும், வேகமான கிளஸ்டரில் (ஒரே அமைப்பாக இணைந்து வேலை செய்யும் சர்வர்களின் கூட்டத்தில்) மிடில்வேரை நிறுவுவது என்றால் என்ன என்று விளக்க அதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கடினம். எந்தக் கோப்பு எங்கே இருக்க வேண்டும், எந்தச் சர்வர் எந்த முகவரியில் கேட்க வேண்டும் என்பது வரை வெளிப்படையாக எழுதி வைக்கப்பட்ட இயந்திரம் அது. அந்த ஆவணங்களை ஊன்றிப் படித்தால் ஒன்று புலப்படும். வேகத்துக்கான அமைப்புகள் சில பக்கங்களில் முடிந்துவிடுகின்றன. மீதிப் பக்கங்கள் வேறொரு கேள்வியைச் சுற்றியே நகர்கின்றன: ஒரு சர்வர் திடீரென்று பேச்சை நிறுத்திவிட்டால், அதன் கையில் இருந்த முகவரி, கோப்பு, முடியாத பரிவர்த்தனை எல்லாம் யாருக்குப் போகும்?

மிடில்வேரின் வேலை

ஒரு வங்கியின் பணப்பரிமாற்ற நிரல் கணக்கில் பணத்தைக் கழித்து, இன்னொரு கணக்கில் சேர்த்து, தகவல் வரிசையில் ஒரு செய்தியைப் போட வேண்டும். தரவுத்தள இணைப்பைத் திறப்பது, வரிசையை நிர்வகிப்பது, மூன்றும் நடந்தது அல்லது மூன்றுமே நடக்கவில்லை என்று உறுதி செய்வது, பயனரின் செஷனை (உள்நுழைந்தது முதல் அவர் செய்துவருவதன் தொடர்ச்சியை) நினைவில் வைப்பது, எத்தனை கோரிக்கைகளை ஒரே நேரத்தில் ஏற்பது என்று முடிவெடுப்பது: இவற்றையெல்லாம் ஒவ்வொரு நிரலாளரும் தனித்தனியே எழுதிக்கொண்டிருக்க முடியாது. அந்தப் பொது வேலையை எடுத்துக்கொள்வதுதான் மிடில்வேர். ஐபிஎம் நிறுவனத்தின் சிக்ஸ் 1960களின் கடைசியிலேயே இதைச் செய்தது. 1980களில் பெல் ஆய்வகத்தில் பிறந்த டக்சிடோ யூனிக்ஸ் உலகத்துக்கு அதைக் கொண்டுவந்தது. டக்சிடோவைத் தன்வசமாக்கிய பிஇஏ நிறுவனம் 1998இல் வெப்லாஜிக்கையும் வாங்கியது. 2008இல் ஆரக்கிள் ஏறக்குறைய 850 கோடி டாலருக்கு பிஇஏவையே வாங்கிவிட்டது. 2010 ஜனவரியில் சன் நிறுவனமும் கைக்கு வந்தது. மென்பொருள் ஒரு பக்கம், சர்வரும் சேமிப்பகமும் இன்னொரு பக்கம். இரண்டையும் சேர்த்து ஒரே ரேக்காக விற்கும் எண்ணம் அடுத்த எட்டு மாதங்களில் மேடைக்கு வந்ததில் வியப்பில்லை.

மூன்று வலையமைப்புகள், ஒரு காலியான புலம்

எக்ஸாலாஜிக்கில் ஒவ்வொரு சர்வரும் மூன்று வலையமைப்புகளில் நிற்கிறது. நிர்வாகத்துக்கு ஒரு கிகாபிட் ஈதர்நெட். சர்வர்கள் தங்களுக்குள் பேச, இன்ஃபினிபேண்ட் மேல் ஓடும் ஐபி. வெளியுலகத்தோடு பேச, இன்ஃபினிபேண்ட் மேல் ஓடும் ஈதர்நெட். அது கேட்வே ஸ்விட்ச் வழியாக அலுவலகத்தின் 10 கிகாபிட் வலையமைப்பைச் சேரும்.

சரி, இதில் சிக்கல் எங்கே? வெப்லாஜிக்கில் ஒரு சர்வரை உருவாக்கும்போது, அது எந்த முகவரியில் கேட்க வேண்டும் என்று ஒரு புலம் கேட்கும். அதைக் காலியாக விட்டாலும் சர்வர் கிளம்பிவிடும், எல்லா முகவரிகளிலும் கேட்கும். பார்க்க எல்லாம் சரியாக இருக்கும். ஆனால் கிளஸ்டரின் மற்ற உறுப்பினர்களிடம் தன்னை எந்த முகவரியில் அடையலாம் என்று சொல்லும்போது, அந்த இயந்திரத்தின் ஹோஸ்ட்நேம் (வலையமைப்பில் அதன் பெயர்) எந்த முகவரியைக் காட்டுகிறதோ அதையே சொல்லும். பல இடங்களில் ஹோஸ்ட்நேம் நிர்வாக வலையமைப்பைத்தான் காட்டும். விளைவு, செஷனின் நகலை இன்னொரு சர்வருக்கு அனுப்பி வைக்கும் செஷன் நகலெடுப்பு முழுவதும் ஒரு கிகாபிட் கம்பியில் ஓடும். 40 கிகாபிட் இன்ஃபினிபேண்ட் பக்கத்திலேயே சும்மா கிடக்கும். பிழைச்செய்தி எதுவும் வராது. ஸ்விட்சில் ஒவ்வொரு போர்ட்டிலும் எத்தனை பைட்டுகள் போகின்றன என்று பார்க்கிறவருக்கு மட்டுமே தெரியும். கிளஸ்டர் போக்குவரத்து, நிர்வாகப் போக்குவரத்து, வெளிக் கோரிக்கைகள் ஆகியவற்றுக்குத் தனித்தனி சேனல் அமைத்து, முகவரியைக் கையால் எழுதுவதுதான் இதற்கு வழி.

அந்த 40 கிகாபிட் என்ற எண்ணையும் கொஞ்சம் விளக்க வேண்டும். அது கம்பியில் போகும் சமிக்ஞையின் வேகம். அந்தத் தலைமுறை இன்ஃபினிபேண்டில் ஒவ்வொரு 8 பிட் தரவும் 10 பிட்டாகக் குறியேற்றப்படுவதால், உண்மையான தரவு வேகம் 32 கிகாபிட்தான். அதுவும் தாராளம். ஆனால் அதன் மேல் வழக்கமான இணைய நெறிமுறையான டிசிபியை ஓட்டினால், ஒவ்வொரு பைட்டும் இயங்குதளத்தின் கருவான கெர்னலுக்குள் நகலெடுக்கப்பட்டு, செயலி நேரத்தைத் தின்றுகொண்டே போகும். இன்ஃபினிபேண்டின் உண்மையான பலம் ஆர்டிஎம்ஏ; அதாவது ஒரு இயந்திரத்தின் நினைவகத்திலிருந்து இன்னொன்றின் நினைவகத்துக்கு, இடையில் செயலியைத் தொந்தரவு செய்யாமல் தரவை நகர்த்துவது. சாக்கெட் (நிரல் வலையமைப்போடு பேசும் வாயில்) வழியாகவே பேசிப் பழகிய ஜாவா நிரல்களுக்கு அதைத் திறந்துவிட எஸ்டிபி என்ற நெறிமுறை இருந்தது. ஆரக்கிளின் தரவுத்தள இயந்திரமான எக்ஸாடேட்டாவோடு பேசும் இணைப்புகளை எஸ்டிபிக்கு மாற்ற முடிந்தது.

கம்பி வேகமானதும் வெப்லாஜிக்கின் பழைய பழக்கங்கள் வெளியே தெரிய ஆரம்பித்தன. மெதுவான வலையமைப்பில் உறுத்தாத பஃபர் (தரவைத் தற்காலிகமாக வைக்கும் நினைவகப் பகுதி) நகல்கள் இங்கே நேரடியாகச் செலவாகின. அதனால் 10.3.4 பதிப்பில் எக்ஸாலாஜிக்குக்கென்று சில மாற்றங்கள் வந்தன. ஒரு செய்தியின் துண்டுகளை ஒன்றாக ஒட்டிப் பிறகு அனுப்பாமல் சிதறிய பஃபர்களிலிருந்தே நேராக எழுதுவது ஒன்று. இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்தது: செஷனின் நகலை வைத்திருக்கும் இரண்டாவது சர்வர், அந்தப் பைட்டுகளை உடனே ஜாவா பொருளாக மாற்றுவதில்லை, முதல் சர்வர் விழுந்து, அந்த செஷன் உண்மையிலேயே தேவைப்படும்போதுதான் மாற்றும். பெரும்பாலான நகல்கள் ஒருநாளும் தேவைப்படாமலே காலாவதியாகிவிடும் என்பதால், இது பெரிய சேமிப்பு. டொமைன் (ஒன்றாக நிர்வகிக்கப்படும் வெப்லாஜிக் சர்வர்களின் தொகுதி) அமைப்புகளில் ஒரே ஒரு பெட்டியை டிக் செய்தால் இந்த மாற்றங்கள் இயங்கும்.

ஜேவிஎம் அளவு

ஒரு சர்வரில் 96 ஜிபி நினைவகம் இருக்கிறது என்றதும், 80 ஜிபி ஹீப் (ஜாவா பொருள்களுக்கான நினைவகம்) வைத்து ஒரே ஜேவிஎம் (ஜாவா நிரலை ஓட்டும் மென்பொருள்) ஓட்டலாமே என்று தோன்றும். வேண்டாம். ஹீப் 32 ஜிபிக்குள் இருக்கும்வரை, ஹாட்ஸ்பாட் என்ற ஜேவிஎம் பொருள்களைச் சுட்டும் முகவரிகளை 8 பைட்டுக்குப் பதில் 4 பைட்டில் சுருக்கி வைக்கும். அந்த எல்லையைச் சற்றே தாண்டினாலும் எல்லா முகவரிகளும் இரட்டிப்பாகும். 34 ஜிபி ஹீப்பில் 31 ஜிபியைவிடக் குறைவான பொருள்கள் அடங்கும் நிலைகூட வரலாம். அப்புறம் குப்பை சேகரிப்பு, அதாவது இனித் தேவைப்படாத பொருள்களை நினைவகத்திலிருந்து அகற்றுவது. பெரிய ஹீப்பில் முழுச் சேகரிப்பு நடந்தால், அந்தக் காலத்துச் சேகரிப்பான்களில் சர்வர் பல வினாடிகள் அப்படியே உறைந்து நிற்கும். இந்த உறைவு வெறும் வேகப் பிரச்சினை அல்ல என்பதைக் கீழே பார்ப்போம். ஆக, நடுத்தர ஹீப்புடன் ஒரே இயந்திரத்தில் சில ஜேவிஎம்களை ஓட்டுவதே நல்லது.

அத்தோடு நினைவகத்தைப் பெரிய பக்கங்களாகப் பிரிக்கும் ஹியூஜ் பேஜ் அமைப்பையும் மறக்கக் கூடாது. 4 ஜிபி ஹீப்பை வழக்கமான 4 கேபி பக்கங்களில் வைத்தால் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட பக்கங்களைச் செயலி கணக்கில் வைத்திருக்க வேண்டும். 2 எம்பி பக்கங்கள் என்றால் 2,048 போதும்.

இன்னொரு சின்ன விஷயம், ஆனால் பலரை நாள் முழுக்க அலையவிட்டது. புதிதாக நிறுவிய வெப்லாஜிக் கிளம்ப மறுத்து, பல நிமிடங்கள் ஒரே இடத்தில் நிற்கும். செயலி சும்மா இருக்கும், வட்டு சும்மா இருக்கும், லாகில் ஒன்றும் இருக்காது. காரணம், பாதுகாப்புச் சாவிகளுக்கான சீரற்ற எண்களை ஜாவா லினக்ஸின் ரேண்டம் சாதனத்திலிருந்து கேட்கிறது. விசைப்பலகையோ மவுஸோ இல்லாத ரேக் சர்வரில் சீரற்ற நிகழ்வுகள் மிகவும் குறைவு. போதுமான அளவு சேரும்வரை பழைய கெர்னல் காத்திருக்க வைக்கும். காத்திருக்காத யூரேண்டம் சாதனத்தைக் காட்டினாலும் பழைய ஜாவா அந்தப் பாதையைச் சிறப்பாகக் கருதிப் பழையபடியே நடந்துகொண்டது. அதனால் பாதையின் நடுவில் வேண்டுமென்றே ஒரு புள்ளியும் சாய்கோடும் சேர்த்து எழுதும் வழக்கம் வந்தது. 2020இல் வந்த லினக்ஸ் 5.6 கெர்னலில் ரேண்டம் சாதனம் இப்படிக் காக்க வைப்பதையே நிறுத்திவிட்டது. பழைய நிறுவல்களின் தொடக்கக் கோப்புகளில் அந்தப் புள்ளியை இன்றும் பார்க்கலாம்.

தரவுத்தள இணைப்புகளுக்குக் கூட்டல் பெருக்கல் போதும். 20 மேனேஜ்டு சர்வர்கள் (நிரல்களை ஓட்டும் வெப்லாஜிக் சர்வர்கள்), ஒவ்வொன்றிலும் மூன்று டேட்டா சோர்ஸ் (தரவுத்தள இணைப்புகளின் தொகுப்பு), ஒவ்வொன்றுக்கும் உச்ச அளவு 50 என்றால் 3,000 இணைப்புகள். ஒரு சர்வரில் நன்றாக ஓடிய அமைப்பை அப்படியே கிளஸ்டரில் நகலெடுத்தால், திங்கட்கிழமைக் காலையில் தரவுத்தளம்தான் முதலில் கைவிரிக்கும். ரேக்கின் பலம் ஏற ஏற, தரவுத்தளத்தைக் காக்க வேண்டிய பொறுப்பும் மிடில்வேர் மேல் ஏறுகிறது.

பதிவேடு யார் கையில்?

இனி மையமான விஷயம். ஒரு வெப்லாஜிக் டொமைனில் அமைப்புகளை நிர்வகிக்கும் அட்மின் சர்வர் ஒன்றே ஒன்றுதான் இருக்க முடியும். அது விழுந்தால் மற்ற சர்வர்கள் ஓடிக்கொண்டேதான் இருக்கும். அமைப்புகளை மாற்ற முடியாது, அவ்வளவே. அதற்கென்று ஒரு விர்ச்சுவல் ஐபி (இயந்திரம் விட்டு இயந்திரம் மாற்றக்கூடிய முகவரி) கொடுத்து, அதன் டொமைன் கோப்புறையைப் பகிர்ந்த சேமிப்பகத்தில் வைத்தால், இயந்திரம் போனாலும் அந்த ஐபியை இன்னொரு நோடில் (கிளஸ்டரின் வேறொரு இயந்திரத்தில்) எழுப்பி அதே கோப்புறையிலிருந்து தொடங்கிவிடலாம். மேனேஜ்டு சர்வர்களுக்குத் தனிக் கோப்புறை. இரண்டையும் ஒன்றாகக் கலந்து வைத்த நிறுவல்களில், ஒரு சர்வரை இடம் மாற்றும்போது இன்னொன்றின் கோப்புகள் மேலெழுதப்படும் ஆபத்து உண்டு.

மேனேஜ்டு சர்வர் விழுவதுதான் கடினமான பாடம். வங்கி உதாரணத்துக்கே வருவோம். தரவுத்தளம், தகவல் வரிசை இரண்டும் பங்கேற்கும் பரிவர்த்தனையில், மிடில்வேர் முதலில் இருவரிடமும் "தயாரா?" என்று கேட்கிறது. இருவரும் தயார் என்றதும், "உறுதி செய்யலாம்" என்ற தன் முடிவைப் பரிவர்த்தனைப் பதிவேட்டில் எழுதுகிறது. அதன் பிறகுதான் இருவருக்கும் கட்டளை போகிறது. பதிவேட்டில் எழுதிய கணத்துக்கும் கட்டளை போய்ச் சேரும் கணத்துக்கும் இடையில் சர்வர் செத்தால்? தரவுத்தளம் தயார் என்று வாக்குக் கொடுத்துவிட்டது. தானாகப் பின்வாங்க முடியாது, தானாக உறுதி செய்யவும் முடியாது. அந்தக் கணக்குகளுக்கான அட்டவணை வரிகளின் மேல் பூட்டைப் பிடித்தபடி காத்திருக்கும். அந்தக் கணக்கைத் தொட வரும் அடுத்தவருக்கு ஓரா-01591 என்ற பிழை கிடைக்கும். இதைத் தீர்க்கக்கூடிய ஒரே தகவல் செத்த சர்வரின் பதிவேட்டில் இருக்கிறது. அந்தப் பதிவேடு செத்த இயந்திரத்தின் உள் வட்டில் இருந்தால், மீதி 29 சர்வர்களும் எவ்வளவு வேகமாக இருந்தாலும் பயன் இல்லை. நகைக்கடையின் அடகுப் பேரேட்டைக் கணக்குப்பிள்ளை வீட்டுக்கு எடுத்துப்போய், அவர் வீடு பூட்டிக் கிடப்பதைப் போன்ற நிலைமை அது.

எனவேதான் பரிவர்த்தனைப் பதிவேடும் ஜேஎம்எஸ் (ஜாவாவின் தகவல் வரிசை) செய்திக் கிடங்கும் எல்லா நோடுகளும் எட்டக்கூடிய சேமிப்பகத்தில் இருக்க வேண்டும் என்று அடித்துச் சொல்கிறார்கள். ஆனால் அங்கேயும் ஒரு பொறி உண்டு. ஒரே பதிவேட்டை இரண்டு சர்வர்கள் எழுதிவிடக் கூடாது என்பதற்காக வெப்லாஜிக் கோப்பைப் பூட்டும். வலையமைப்பு வழியாகக் கோப்புகளைப் பகிரும் என்எஃப்எஸ் நெறிமுறையின் 3ஆம் பதிப்பில், பூட்டைப் பிடித்திருந்த இயந்திரம் மின்சாரம் போய் விழுந்தால், அது திரும்ப எழுந்து தன் பழைய பூட்டுகளை விடுவிக்கும்வரை சேமிப்பகம் பூட்டை வைத்தே இருக்கும். மாற்று நோடில் எழுந்த சர்வர் அந்தக் கோப்பைத் திறக்க முடியாமல் நிற்கும். யாராவது சேமிப்பக நிர்வாகப் பக்கத்துக்குப் போய்க் கையால் பூட்டை உடைக்க வேண்டும். என்எஃப்எஸ் 4இல் பூட்டு ஒரு குத்தகை மாதிரி வேலை செய்கிறது. பிடித்தவர் புதுப்பிக்காவிட்டால் காலாவதியாகிவிடும். லினக்ஸ் என்எஃப்எஸ் சர்வரில் இயல்பு அளவு 90 வினாடி. சேமிப்பகத்தை இணைக்கும் மவுன்ட் கட்டளையில் 3 என்று இருக்கிறதா 4 என்று இருக்கிறதா என்ற ஒற்றை எழுத்து வித்தியாசம், நள்ளிரவில் தானாக மீளும் கிளஸ்டரையும் ஆளை எழுப்பும் கிளஸ்டரையும் பிரிக்கிறது. பின்னர் வெப்லாஜிக் 12சி பதிப்புகளில் பதிவேட்டைத் தரவுத்தள அட்டவணையிலேயே வைக்கும் வசதி வந்தது. புதிதாக நிறுவுகிறவர்கள் அதை முதலில் பரிசீலிக்க வேண்டும் என்பது என் கருத்து.

செத்ததா, மௌனமா?

சர்வரை இடம் மாற்றுவதற்கு முன், அது செத்துவிட்டது என்று யாராவது முடிவு செய்ய வேண்டுமே. கிளஸ்டர் உறுப்பினர்கள் 10 வினாடிக்கு ஒருமுறை இதயத்துடிப்பு அனுப்புகிறார்கள். மூன்று துடிப்புகள் தவறினால், அந்த உறுப்பினரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள். குப்பை சேகரிப்பில் 35 வினாடி உறைந்த சர்வரும் இந்தக் கண்ணுக்குச் செத்த சர்வர்தான். அது விழித்துக்கொண்டு, எதுவும் நடக்காததுபோல் பழைய வேலையைத் தொடர்ந்தால், ஒரே ஐபியை இரண்டு இயந்திரங்கள் தம்முடையது என்று சொல்லும்; ஒரே தகவல் வரிசையை இருவர் எடுப்பார்கள்.

இடம்பெயரக்கூடிய சர்வர்களுக்கு இதைத் தடுக்க இருப்பது தரவுத்தளத்தில் உள்ள ஒரு சிறிய அட்டவணை. ஒவ்வொரு சர்வரும் அதில் தன் குத்தகையை விடாமல் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்க முடியாத சர்வர் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். இதுதான் இந்த வடிவமைப்பின் மிக நேர்மையான பகுதி. சந்தேகம் வந்தால் வேலை செய்யாமல் இருப்பதே சரி என்று மென்பொருள் ஒப்புக்கொள்கிறது. குத்தகை காலியானதும் மாற்று நோடில் இருக்கும் நோட் மேனேஜர் (சர்வர்களைத் தொடங்கி நிறுத்தும் சிறு நிரல்) ஐபியை எழுப்பி, அந்த ஐபி இனி இங்கே என்று பக்கத்து இயந்திரங்களுக்கு ஏஆர்பி அறிவிப்பு அனுப்பி, சர்வரைத் தொடங்கும். ஐபியை எழுப்ப ரூட் (முழு நிர்வாகி) அனுமதி வேண்டும். அதைக் கடவுச்சொல் கேட்காமல் தரும் சூடோ வரி ஒன்று எல்லா நோடுகளிலும் இல்லாவிட்டால், இத்தனை ஏற்பாடும் அந்த இடத்தில் நின்றுவிடும்.

காலக்கெடுகளும் இதே கேள்வியின் வேறு முகம். வெப்லாஜிக்கில் பரிவர்த்தனைக்கு இயல்பாக 30 வினாடி; ஆரக்கிள் தரவுத்தளம் பகிர்ந்த பரிவர்த்தனையின் பூட்டுக்காகக் காத்திருப்பது இயல்பாக 60 வினாடி. ஒரு கனமான வேலைக்காக முதல் எண்ணை 300 ஆக்கிவிட்டு இரண்டாவதைத் தொடாமல் விட்டால், மேலே இருப்பவர் இன்னும் நடக்கிறது என்று நினைக்கும்போதே கீழே இருப்பவர் கைவிட்டிருப்பார். உள்ளே குறைவாகவும் வெளியே போகப் போக அதிகமாகவும் இருக்க வேண்டிய இடங்களும் உண்டு, நேர்மாறாக இருக்க வேண்டிய இடங்களும் உண்டு. கோரிக்கைகளைப் பகிர்ந்தளிக்கும் லோட் பேலன்சரிலிருந்து தரவுத்தளம் வரை எல்லாக் காலக்கெடுகளையும் ஒரே தாளில் எழுதிப் பார்க்காமல் இது பிடிபடாது.

இவை எல்லாவற்றையும் சோதிக்க, நிரலை நிறுத்தும் கில் கட்டளை மட்டும் போதாது. கில் செய்தால் இயங்குதளம் உயிரோடு இருக்கிறது, பூட்டுகளை ஒழுங்காக விடுவிக்கிறது, சாக்கெட்டுகளை மூடுகிறது. மிகவும் மரியாதையான மரணம். மின்கம்பியை உருவ வேண்டும். வலைக்கம்பியை மட்டும் உருவி, இயந்திரத்தை உயிரோடு விட வேண்டும். வட்டை நிரப்ப வேண்டும். ஜேவிஎம்மை ஸ்டாப் சமிக்ஞையால் 40 வினாடி உறைய வைத்து மீண்டும் விட வேண்டும். சுமை இருக்கும்போதே இவற்றைச் செய்ய வேண்டும். பரிவர்த்தனை எதுவும் நடக்காத நேரத்தில் சர்வரைச் சாகடித்தால் பதிவேடும் காலியாகவே இருக்கும்.

இப்போது பல நிறுவனங்கள் இதே வெப்லாஜிக்கை, கண்டெய்னர்களை நிர்வகிக்கும் குபெர்னெட்டிஸில் ஓட்டுகின்றன. அதற்கென்று 2018இல் ஆரக்கிளே ஓர் ஆபரேட்டரை (நிர்வாக வேலைகளைத் தானாகச் செய்யும் நிரலை) வெளியிட்டது. விர்ச்சுவல் ஐபி தொல்லை போய்விட்டது, நோடை ஒதுக்கும் வேலை தானாக நடக்கிறது. ஆனால் ஒரு நோடு மௌனமானால் குபெர்னெட்டிஸ் இயல்பாக 300 வினாடி காத்திருக்கும். அதன் பிறகும் ஸ்டேட்ஃபுல்செட் (பெயர் மாறாமல் இருக்க வேண்டிய) வகையில் ஓடும் பாடுக்கு (குபெர்னெட்டிஸ் ஓட்டும் அலகுக்கு) மாற்றை வேறு நோடில் எழுப்பாது. பழையது உண்மையிலேயே நின்றுவிட்டதா என்று அதற்குத் தெரியாது. ஒரே பெயரில் இரண்டு ஓடுவதைவிட ஒன்றும் ஓடாமல் இருப்பது மேல் என்று விட்டுவிடும். 2023இல் வந்த 1.28 பதிப்பில், நிர்வாகி ஒருவர் அந்த நோடுக்கு "சேவையில் இல்லை" என்ற முத்திரையைக் குத்தினால் மாற்று உடனே எழும் வசதி நிலைபெற்றது. அந்த முத்திரையைக் குத்தும் முன் அவர் இயந்திரம் அணைந்திருப்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும் என்று அதன் ஆவணம் சொல்கிறது.